மீன்கள் வெயிலுக்குப் போன கோடை

"எனக்குப் பயம் போகணும், அம்மா."

மடத்துக்குள் வந்ததும் செங்கோடன் சொன்னது இதைத்தான். தோளில் மாட்டிய பையைக்கூட இன்னும் இறக்கவில்லை.

மடத்தம்மா கூடத்திலிருந்த மீன்தொட்டியின் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"எதைப் பார்த்துப் பயம், அண்ணா?"

"இறக்கத்தைப் பார்த்து."

"எந்த இறக்கம்?"

"இந்த மலை இறக்கந்தாங்கம்மா. நான் இதே ரோட்டுல பஸ் ஓட்டறவன்."

அப்போதுதான் அவர் துணியைக் கீழே வைத்தார்.

*

சேர்வராயன் மலைமேல் செங்கோடனைத் தெரியாதவர்கள் குறைவு. சேலத்திலிருந்து மலையேறும் தனியார் பஸ் ஒன்றின் டிரைவர். மீசை முளைத்த காலத்தில் பிடித்த ஸ்டீயரிங்கை மீசை நரைத்த பிறகும் விடாதவர்.

போன கார்த்திகையில் ஒரு சாயங்காலம். நல்ல மழை. கல்யாணக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு இறங்கி வந்தார். பாதையில் உருண்டு கிடந்த கல் ஒன்று வண்டியின் அடியில் பட்டு பிரேக் போய்விட்டது.

மிதித்தார். பெடல் தரைவரைக்கும் போயிற்று.

ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் ஒன்றுமே இல்லை.

கியரை இறக்கி இறக்கி வேகத்தைப் பிடித்தார். ஹாரனிலிருந்து கையை எடுக்காமலே வளைவுகளைத் தாண்டினார். கடைசியில் வண்டியைப் பாறையோடு உரசவிட்டு நிறுத்தினார். பஸ்ஸின் ஒரு பக்கம் அப்பளமாக நொறுங்கியது. கல்யாணப் பெண்ணின் தாய்மாமனுக்கு ஒரு பல் போயிற்று. அவ்வளவுதான். ஏறியவர்கள் அத்தனை பேரும் தங்கள் காலாலேயே இறங்கினார்கள்.

பேப்பரில் படம் வந்தது. 'பயமறியாத ஓட்டுநர்' என்று கொட்டை எழுத்தில் போட்டார்கள். முதலாளி கூட்டம் கூட்டிச் சால்வை போர்த்தினார்.

வண்டி பழுது பார்த்து வந்தது. செங்கோடன் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். பிரேக்கின்மேல் வைத்த கால் நடுங்கியது. நிறுத்தப் பார்த்தார். நிற்கவில்லை.

முதுகுவலி என்று சொல்லி இறங்கிவிட்டார். அன்றிலிருந்து அந்த முதுகுவலி தீரவே இல்லை.

"பார்க்கறவங்க எல்லாம் கையெடுத்துக் கும்பிடறாங்கம்மா. உள்ளே உக்காந்திருக்கிறது யாருன்னு எனக்குத்தானே தெரியும்?"

மடத்தம்மா கேட்டுக்கொண்டார். பிறகு மீன்தொட்டியைக் காட்டினார்.

"இதுக்கு ஒரு ஆள் வேணும். இருக்கீங்களா?"

"மந்திரம் ஏதாச்சும் சொல்லுவீங்கன்னு வந்தேன்."

"மீனுக்கா?"

செங்கோடனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல நாள் கழித்து வந்த சிரிப்பு. பையை இறக்கி வைத்தார்.

*

மடம் என்றால் கோபுரமும் கூட்டமும் இல்லை. ஒரு பழைய காப்பிக் கிடங்கு. ஓட்டுக்கூரை. முன்னால் ஒரு கூடம், பின்னால் சமையற்கட்டு. மடத்தம்மாவின் பெயர் உலகநாயகி. செங்கோடனைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். ஒட்ட வெட்டிய தலை, சாயம் போன காவிச்சேலை. சமையலுக்குப் பொன்னுருவி என்றொரு மலைக்காரப் பெண்மணி.

மனக்கஷ்டம் என்று வருகிறவர்கள் வருவார்கள். சிலரிடம் மடத்தம்மா பேசுவார். சிலரிடம் வெங்காயம் உரிக்கச் சொல்லுவார். இரண்டு வகையினரும் முகம் தெளிந்துதான் போவார்கள்.

மீன்தொட்டி மடத்துச் சொத்து இல்லை. எஸ்டேட் மேனேஜர் குடும்பம் ஊரைவிட்டுப் போகும்போது வைத்துவிட்டுப் போனது. உள்ளே வாலில் கத்தி வைத்ததுபோல் இருக்கும் சிவப்பு மீன்கள், விசிறி வாலோடு கப்பிகள், கருப்பு மோலிகள். நடுவில் ஒரே ஒரு வெள்ளை ஏஞ்சல் மீன். எல்லாம் வெப்பத்தில் பிறந்த ஜாதி. மலைக்குளிர் தாங்காது. அதனால் தண்ணீருக்குள் ஒரு ஹீட்டர், கண்ணாடியில் ஒட்டிய ஒரு வெப்பமானி, காற்றுக்கு ஒரு பம்ப்.

செங்கோடன் அந்த வெப்பமானியை பஸ்ஸின் டேஷ்போர்டைப் பார்ப்பதுபோல் பார்த்தார். முள் கொஞ்சம் இறங்கினால் ஹீட்டரை ஏற்றுவார். கொஞ்சம் ஏறினால் இறக்குவார். கரண்ட் போனால் தொட்டிமேல் கம்பளியைப் போர்த்துவார். தீனியை விரல் நுனியில் எடுத்து அளந்துதான் போடுவார். மாசியின் குளிர் மலையை நடுக்கியது. தொட்டிக்குள் ஒரு மீன் சாகவில்லை.

பங்குனியில் ஒரு காலை அவர் மடத்தம்மாவிடம் வந்து நின்றார். முகத்தில் வெளிச்சம்.

"போயிருச்சுங்கம்மா."

"என்ன போச்சு?"

"பயம். தொட்டிகிட்ட நிக்கும்போது மனசு அப்படியே அந்தத் தண்ணி மாதிரி நிக்குது. ஒரு ஆட்டம் இல்லை."

"சந்தோஷம், அண்ணா. அப்ப மீனை வெளியே விட்டுடலாம்."

"வெளியேன்னா?"

மடத்தம்மா சமையற்கட்டின் பின்பக்கம் கையைக் காட்டினார்.

*

அங்கே ஒரு சிமெண்டுத் தொட்டி இருந்தது. ஒரு காலத்தில் காப்பிப் பழம் கழுவியது. இப்போது ஊற்றுத் தண்ணீர் நிறைந்து, அல்லி படர்ந்து, ஒரு சின்னக் குளமாகவே மாறிவிட்டிருந்தது. ஆழம் தொடையளவு. காலையிலிருந்து பொழுது சாயும்வரை வெயில் அதன்மேல்தான்.

செங்கோடன் தொட்டியைச் சுற்றி வந்தார். முகத்தில் இருந்த வெளிச்சம் போய்விட்டது.

"ராத்திரியில குளிருமே?"

"குளிரும்."

"மீன்கொத்தி வருமே?"

"வரும்."

"தண்ணிப்பாம்பு?"

"ஒண்ணு இருக்கு. பார்த்திருக்கேன்."

"அப்புறம் எதுக்கும்மா வெளியே விடணும்?"

"வெயில் இருக்கே, அண்ணா."

"உள்ளே நல்லாத்தானே இருக்குதுங்க? ஒரு குறை வெச்சிருக்கேனா?"

"இல்லை."

அவ்வளவுதான் சொன்னார். அன்று மாலை செங்கோடன் கண்ணாடி முன்னால் நின்று மீன்களையே பார்த்தார். அவை ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போயின. திரும்பி வந்தன. மறுபடி போயின. ஒரே பாதை. சரியான நேரத்துக்கு வந்து போகும் வண்டிகளைப்போல.

பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனாலும் அவருக்குத் தூக்கம் வரவில்லை.

*

விடுவது என்று ஆனபிறகு செங்கோடன் சும்மா இருக்கவில்லை.

வெப்பமானியைக் கழற்றிப் போய் வெளித்தொட்டியில் காலையும் மாலையும் வைத்துப் பார்த்தார். விடியற்காலைத் தண்ணீரில் சில்லிப்பு விடும்வரை காத்திருந்தார். மீன்கள் ஒளிந்துகொள்ள உடைந்த ஓடுகளையும் ஓட்டைச் சட்டிகளையும் அடியில் போட்டார். பாதித் தொட்டிக்குமேல் வலை கட்டவும் ஆசை. ஆனால் கேட்கக் கூச்சமாக இருந்தது. இரண்டு நாள் தயங்கிவிட்டுக் கேட்டார்.

"வலை கட்டலாமாம்மா?"

"கட்டுங்க."

"நீங்க வேண்டாம்பீங்கன்னு நினைச்சேன்."

"ஏன்?"

"விட்டா முழுசா விட்டுடணும், கட்டுக்காவல் கூடாதுன்னு…"

"மீன்கொத்திக்கு வேதாந்தம் தெரியுமா? நல்லா இறுக்கிக் கட்டுங்க, அண்ணா."

சித்திரை பிறந்து, காலைத் தண்ணீர் வெதுவெதுப்பானதும் மீன்களை மண்பானைகளில் பிடித்துக் கொண்டுபோனார்கள். பானைகளை வெளித்தொட்டியில் மிதக்கவிட்டார்கள். இரண்டு தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வரட்டும் என்று. பிறகு வெளித்தண்ணீரைக் கை கையாக அள்ளிப் பானைக்குள் விட்டார் மடத்தம்மா. அவசரமே இல்லை. கடைசியில் பானையைச் சாய்த்தார். கொட்டவில்லை. சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கப்பிகள் முதலில் போயின. மோலிகள் பின்னாலேயே. சிவப்பு மீன்கள் வாசலில் நின்று பார்ப்பதுபோல் கொஞ்சம் நின்றுவிட்டுப் போயின.

வெள்ளை ஏஞ்சல் போகவில்லை. பானையின் அடியில் போய் ஒட்டிக்கொண்டது.

"ஒரு தட்டுத் தட்டினா போயிடும்மா."

மடத்தம்மா தட்டவில்லை. குனிந்தபடியே பானையைப் பிடித்திருந்தார். வெயில் ஏறியது. பொன்னுருவி வந்து, சோறு ஆறுகிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். மடத்தம்மாவின் மணிக்கட்டு தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கியது.

செங்கோடன் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறார். ஒரு மீன் மனசு மாறுவதற்காக இப்படி நிற்கிற ஒருவரைப் பார்த்ததில்லை. தானும் பக்கத்திலேயே நின்றார்.

வெகுநேரம் கழித்து வெள்ளை மீன் அதுவாக வெளியே வந்தது. அல்லி இலையின் நிழலில் ஒரு கணம் நின்றது. பிறகு காணவில்லை.

*

முதல் சில நாள் எல்லா மீனும் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டு கிடந்தன. பிறகு தண்ணீர் பச்சை பிடித்தது. வெயில் ஏற ஏறப் பச்சை கெட்டியாகிக் கொண்டே போயிற்று. கையை விட்டால் முழங்கை தெரியாது.

மீன்கள் மறைந்தே போய்விட்டன.

செங்கோடன் தீனி போட்டார். தீனி மிதந்தது. எதுவும் மேலே வரவில்லை.

"சாப்பிடறதே இல்லைங்கம்மா."

"சாப்பிடுது. நீங்க போடறதைச் சாப்பிடலை."

அது உண்மைதான். மாலையில் சமையற்கட்டில் கொசு குறைந்துவிட்டது என்று பொன்னுருவியே சொன்னாள். ஆனாலும் கண்ணால் பார்த்தால்தானே மனசு ஆறும்? ஒருநாள் வலை இல்லாத பக்கம் மீன்கொத்தி ஒன்று அம்புபோல் பாய்ந்து, அலகில் சிவப்பாக எதையோ கவ்விக்கொண்டு போனது. செங்கோடன் கத்தியபடி ஓடினார். அது பலாமரத்தில் உட்கார்ந்து சாவகாசமாக விழுங்கியது. அன்றே மீதிப் பாதிக்கும் வலை கட்டினார். கட்டும்போது கால் லேசாக ஆடியது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

அந்த வாரம் தாவூத் வந்தார். செங்கோடனின் பஸ் கண்டக்டர். பல வருஷமாக ஒரே வண்டி, ஒரே டிபன் டப்பா.

"முதுகு எப்படி இருக்குது, செங்கோடா?"

"இருக்குது."

"முதலாளி கேட்டுட்டு வரச்சொன்னாரு. வைகாசி கடைசிக்குள்ள சொல்லிடணுமாம். வண்டி எடுக்கறியா, இல்லே ஷெட்ல உக்காந்து வேலை பார்க்கறியான்னு. ரெண்டும் அவருக்குச் சம்மதந்தான். உன்மேல அவ்வளவு மரியாதை."

செங்கோடன் வலையின் முடிச்சு ஒன்றை இறுக்கினார்.

தாவூத் தொட்டியை எட்டிப் பார்த்தார். "இதென்ன, வெறும் பாசித் தண்ணிக்கு வலை கட்டி வெச்சிருக்கே?"

"உள்ளே மீன் இருக்குதப்பா."

"எங்கே?"



*

வைகாசி பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. மதியம் வானம் கருத்தது. கோடை மழை என்று எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். முதலில் ஓட்டுமேல் ஏதோ கல் விழுந்ததுபோல் ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. பிறகு மலையே இடிந்து விழுவதுபோல் ஒரே இரைச்சல்.

ஆலங்கட்டி.

செங்கோடன் பின்பக்கம் ஓடினார். வலை கிழிந்து தொங்கியது. பச்சைத் தண்ணீர்மேல் வெள்ளையாக ஐஸ் கூடிக்கொண்டிருந்தது. வெதுவெதுப்பில் வாழ்கிற உயிர்கள். அவருக்கு வேறொன்றும் தோன்றவில்லை. வாளியோடு தொட்டிக்குள் குதித்தார். கையால் துழாவினார். ஒன்றும் அகப்படவில்லை. இன்னும் வேகமாகத் துழாவினார். அடிச்சேறு எழும்பியது. உடைந்த ஓடு காலைக் கிழித்தது.

"கலக்காதீங்க!"

மடத்தம்மா அவ்வளவு உரக்கப் பேசி அவர் கேட்டதில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் சோறு வடிக்கும் கூடையோடு ஓடிவந்தார்.

"மேலே ஏறுங்க, அண்ணா! மீனைத் தேடாதீங்க. ஐஸை அள்ளுங்க!"

கூடையைத் தண்ணீரில் விட்டு அள்ளினார். தண்ணீர் வடிந்தது, ஐஸ் நின்றது. அதைத் தூர வீசினார். மறுபடி அள்ளினார். பொன்னுருவி முறத்தோடு வந்தாள். செங்கோடன் இன்னொரு கூடையைப் பறித்துக்கொண்டு ஏறி நின்றார். மூன்று பேரும் தொட்டியின் மூன்று பக்கம். ஆலங்கட்டி முதுகில் அடித்தது. மடத்தம்மாவின் ஒட்ட வெட்டிய தலையில் ஒன்று பட்டு ரத்தம் நெற்றியில் வழிந்தது. அவர் துடைக்கவில்லை. கூடை ஒரே சீராக இறங்கியது, ஏறியது.

அந்தக் கைகளைப் பார்த்துச் செங்கோடனுக்கும் ஒரு சீர் வந்தது.

மழை விட்டதும் அடுப்பில் அண்டா ஏறியது. வெந்நீரைப் பச்சைத் தண்ணீரோடு கலந்து விளாவி, ஓரமாக, நூல்போல ஊற்றச் சொன்னார் மடத்தம்மா. பொழுது சாயும்வரை ஊற்றினார்கள். கிழிந்த வலையை எடுத்துவிட்டு, தொட்டிமேல் சாக்கும் தார்ப்பாயும் போர்த்தினார்கள்.

இனிச் செய்ய ஒன்றும் பாக்கியில்லை.

*

காலையில் தார்ப்பாயை விலக்கியபோது சில கப்பிகள் மிதந்தன. இரண்டு மோலிகள். அல்லி இலைக்குப் பக்கத்தில் வெள்ளை ஏஞ்சல், ஒருக்களித்து.

மடத்தம்மா அதை உள்ளங்கையில் எடுத்தார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பலாமரத்தடியில் குழி தோண்டி மூடினார்.

"மத்தது?" என்றார் செங்கோடன்.

"தெரியலை."

"இறைச்சுப் பார்த்துடலாம்மா. பொன்னுருவியும் நானும் சேர்ந்தா மதியத்துக்குள்ள இறைச்சிடுவோம். இருக்கா இல்லையான்னு தெரிஞ்சிடும்."

"தெரிஞ்சிடும்."

"அப்ப இறைக்கட்டுமா?"

"இருந்தா, அதுங்களுக்கு?"

செங்கோடன் வாளியைப் பார்த்தார். நேற்றுக் குளிரில் உயிர் பிழைத்து அடியில் பதுங்கிக் கிடப்பவை. இன்று தண்ணீரும் போய், சேற்றில் துள்ளி…

வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார்.

நாட்கள் போயின. வெயில் பழையபடி திரும்பியது. தண்ணீர் இன்னும் பச்சை. ஒரு வால் தெரியவில்லை, ஒரு வட்டம் எழவில்லை. செங்கோடன் புது வலை கட்டினார், சருகு பொறுக்கினார். மற்ற நேரமெல்லாம் மடத்தம்மாவைத்தான் பார்த்தார்.

அவர் வாசல் பெருக்கினார். வந்தவர்களோடு பேசினார். குடும்பச் சண்டையோடு வந்த ஒரு ஜோடியை எதிரெதிரே உட்கார்த்தி முருங்கைக்கீரை ஆயவைத்தார். அவர்கள் சிரித்தபோது தானும் சிரித்தார். நெற்றியில் காயம் காய்ந்துகொண்டு வந்தது.

செங்கோடனுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. சமையற்கட்டில் பொன்னுருவியிடம் சொன்னார்.

"இந்த மாதிரி ஒரு மனசு வேணும். இடியே விழட்டும், ஒரு அசைவு இல்லை பாரு. பயம்னா என்னன்னே தெரியாத பிறவி."

பொன்னுருவி கரண்டியைப் பானைமேல் ஒரு தட்டுத் தட்டினாள்.

"யாரைச் சொல்றீங்க?"

"அம்மாவைத்தான்."

"ஆலங்கட்டி விழுந்த நாளிலிருந்து அது ஒழுங்கா ஒரு வேளை சாப்பிடலை. தெரியுமா? தட்டுல போட்டது அப்படியே திரும்பி வருது. விடிஞ்சதும் தொட்டிகிட்டப் போய் எட்டிப் பார்க்குது. வந்து, இந்தா, இந்தச் சுவத்தோரம் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துக்குது. அப்புறம் எந்திரிச்சுத் துடைப்பத்தை எடுத்துக்கிட்டுப் போவுது."

செங்கோடன் நம்பவில்லை.

"விரதமா இருக்கும்."

"விரதமாவது ஒண்ணாவது. போய்க் கேளுங்க."

*

மடத்தம்மா தொட்டி ஓரத்தில் நின்றிருந்தார். காலை வெயில் தண்ணீரைத் தொட்டு நின்றது.

"சாப்பிடறதில்லையாமே, அம்மா?"

"இறங்கலை, அண்ணா."

"விரதமா?"

"பயம்."

தன் காதில்தான் கோளாறு என்று நினைத்தார் செங்கோடன்.

"உங்களுக்கா?"

"எனக்குத்தான்."

"பிழைச்சுக்கும்னு தெரிஞ்சுதானே வெளியே விட்டீங்க?"

"தெரியாது."

"தெரியாமயா?"

"வெயில் நல்லதுன்னு தெரியும். மத்தது தெரியாது."

செங்கோடனுக்குக் கோபம்போல ஒன்று வந்தது. கோபமும் இல்லை. இத்தனை நாள் சாய்ந்திருந்த சுவர் ஒன்று நகர்ந்து, பக்கத்தில் வந்து ஆளாக நின்றதுபோல் இருந்தது.

"அன்னிக்கு ஐஸ் அள்ளும்போது பார்த்தேனே? உங்க கை ஒரு துளி நடுங்கலையே."

மடத்தம்மா தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

"அதுக்கு வேலை இருந்துச்சு."

செங்கோடன் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார். மழை, இறக்கம், தரைவரைக்கும் போன பெடல், பின்னால் கல்யாணக் கூட்டத்தின் அலறல். அன்றைக்கு ஸ்டீயரிங்கைப் பிடித்த இந்தக் கைகள் எப்படி இருந்தன? வயிறு எப்படி இருந்தது? யாருமே அவரைக் கேட்டதில்லை. அவரும் கேட்டுக்கொண்டதில்லை.

இரண்டு பேரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் கண்டது செங்கோடன்தான்.

அல்லி இலையின் ஓரத்தில், வெயில் படுகிற இடத்தில், தண்ணீர் தூசி படிந்ததுபோல் இருந்தது. தூசி நகர்ந்தது. குனிந்தார். தூசிக்குக் கண் இருந்தது. கடுகில் பாதி உடம்பும் அதில் பாதி கண்ணுமாக, எண்ணவே முடியாத குஞ்சுகள்.

"அம்மா…"

அவர் குரலைக் கேட்டு மடத்தம்மாவும் குனிந்தார்.

அப்போது பச்சையைக் கிழித்துக்கொண்டு ஒன்று மேலே வந்தது. செங்கோடனுக்கு அடையாளமே தெரியவில்லை. கண்ணாடிக்குள் வெளிறிய செங்கல் நிறத்தில் போய்வந்த மீன் இல்லை இது. நெருப்பில் தோய்த்து எடுத்த சிவப்பு. உடம்பு இரண்டு மடங்கு. வாலின் கத்தி உண்மையாகவே கத்திபோல் நீண்டு, ஓரத்தில் பச்சைக்கோடு மின்ன, ஒரு கொசுவை எட்டிப் பிடித்துவிட்டுப் புரண்டது. வெயில் அதன் விலாவில் பட்டுத் தெறித்தது. பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் ஒரு மோலி, மை போலக் கருப்பாக, மேலே வந்து, மனிதர்களைப் பார்த்துச் சடாரென்று முழுகியது.

"யப்பா!" என்றார் செங்கோடன். "என்னைப் பார்த்துப் பயப்படுது பாருங்கம்மா! என் கையில தீனி தின்ன கழுதை!"

மடத்தம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று செங்கோடனுக்குத் தெரியவில்லை.

"பொன்னுருவி!" என்று சமையற்கட்டைப் பார்த்துக் கத்தினார். "அம்மாவுக்கு இட்லி கொண்டா!"

மடத்தம்மா அங்கேயே, தொட்டி ஓரத்திலேயே, தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார். பொன்னுருவி இரண்டு முறை போய்ச் சட்னி எடுத்து வந்தாள்.

*

வைகாசி முடிவதற்குள் ஒரு காலை செங்கோடன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்பக்கம் வந்தார்.

மடத்தம்மா வலையின் ஒரு மூலையைத் தைத்துக்கொண்டிருந்தார். குஞ்சுகள் ஓரமெல்லாம் கூட்டமாக மேய்ந்தன.

"கிளம்பறேங்கம்மா."

"சரி, அண்ணா."

செங்கோடன் நின்றார். மடத்தம்மா ஊசியில் நூலைக் கோத்தார்.

"ஐப்பசி மழைக்கு முன்னாடி இதுங்களை உள்ளே கொண்டுபோகணும். இத்தனை குஞ்சையும் பிடிக்க நானும் பொன்னுருவியும் பத்தாது."

"வந்துடறேங்கம்மா."

"எப்படி வருவீங்க?"

"காலையில முதல் வண்டி. நானேதான் ஓட்டிக்கிட்டு வருவேன்."

மடத்தம்மாவின் ஊசி நின்றது. அவர் செங்கோடனை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மலைப்பாதை இருக்கும் திசையைப் பார்த்தார். அங்கே மேகம் இறங்கிக்கொண்டிருந்தது.

"பார்த்து வாங்க, அண்ணா" என்றார்.